முற்றத்தில் பிறந்த பள்ளி

அங்கன்வாடி என்னும் சொல் இன்று பட்டிதொட்டியெங்கும் வழங்குகிறது. அரசாங்கக் கோப்பிலே இருக்கிறது. ஊர்ச் சுவரிலே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று வயதுச் சிறுமியின் வாயிலும் மழலையாய் வருகிறது. ஆயினும், அச்சொல் எங்கே பிறந்தது, யார் வீட்டு வாசலிலே பிறந்தது என்று எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். நம் அகராதிகளும் அங்கணம் என்ற சொல்லுக்கு முற்றம் என்று பொருள் சொல்லும். முற்றத்திலே கூடிய பள்ளி ஆதலால் அஃது அங்கன்வாடி ஆயிற்று. அந்த முற்றம் மாளிகை முற்றமன்று. ஒதுக்கப்பட்டோர் குடிசையின் முற்றம். இந்த வரலாற்றை மறந்துவிட்டதனாலேயே, பள்ளிக்கு முந்திய கல்வியில் நாம் வழிதவறிக் கொண்டிருக்கிறோம் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே பாலர் கல்வி வசதி படைத்தோரின் உடைமையாக இருந்தது. 1920இல் பவநகரில் கிஜுபாய் பதேகா பாலமந்திரம் தொடங்கினார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் அம்மையார், 1926இல் நூதன பால சிக்ஷண சங்கத்தை நிறுவுவதில் பங்கு கொண்டார். 1939இல் மாண்டிசோரி அம்மையாரே நம் சென்னைக்கு வந்து, அடையாற்றிலே ஆசிரியர்களைப் பயிற்றினார். முறை உயர்ந்ததுதான், ஐயமில்லை. ஆனால் வழவழப்பான மரக்கட்டைகளும் மணிச்சரங்களும் கொண்ட அந்தக் கருவிகளை வாங்கும் வசதி ஏழைச் சிற்றூருக்கு ஏது?

1945இல் தாராபாய் அம்மையார் பம்பாய் நகரை விட்டுக் கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணையானார். இளமையிலேயே மணமுடித்து, மணமான சில திங்களிலேயே கைம்மை எய்தி, கல்வியால் தம்மை நிமிர்த்திக்கொண்டவர் அவர். ஊர் நடுவே பாலர் பள்ளி திறந்தார்கள். ஊராரின் குழந்தைகள் வந்தனர். ஒதுக்கப்பட்டோரின் குழந்தைகள் வரவில்லை. பழங்குடியினரின் குழந்தைகள் வரவில்லை. வேறொருவராயின், "இவர்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை" என்று எழுதிவைத்துவிட்டு இருந்திருப்பார். அம்மையார் இருவரும் அவ்வாறு எழுதவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்றார்கள். அந்தக் குடிசைகளின் முற்றத்திலேயே பள்ளி கூடிற்று. அங்கே கிடைத்த விதையும் கூழாங்கல்லும் இலையும் பூவும் மூங்கிலும் களிமண்ணும் கல்விக் கருவிகள் ஆயின. பின்னர்க் கோஸ்பாட் குன்றில் வார்லிப் பழங்குடியினரிடையே அவர்கள் குடியேறினார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது.

இதிலே அடங்கிய உண்மை என்ன? குழந்தையின் வீட்டை, மொழியை, தொழிலை, பாட்டை, உணவைப் பள்ளி தனக்குள் ஏற்றுக்கொண்ட பிறகே குழந்தை பள்ளியை ஏற்றுக்கொண்டது. பண்பாட்டுப் பன்மை என்று இன்று அறிஞர்கள் பெரிய பெயர் சூட்டிப் பேசும் கொள்கையின் உயிர்நாடி இதுவே.

வாய் மூடும் குழந்தை

மூன்று வயதுக் குழந்தையை வெறும் ஏடு என்று நினைப்பது பெருந்தவறு. அது பள்ளிக்கு வருவதற்கு முன்பே ஒரு மொழியின் இலக்கணத்தை யாரும் கற்பிக்காமல் கற்றுக்கொண்டிருக்கிறது. நேற்று வந்தான், நாளை வருவான் என்று காலத்தைப் பகுத்துப் பேசுகிறது. யாரை எவ்வாறு அழைப்பது, எதை உண்பது, எதற்கு அஞ்சுவது, எப்போது பாடுவது என்பவற்றையெல்லாம் அறிந்திருக்கிறது. இந்தச் செல்வத்தோடு அது வாசலுக்கு வருகிறது. அங்கே ஆசிரியை பேசுவது விளங்காத மொழியானால், சுவரிலே தொங்கும் படங்களிலே தான் கண்ட பொருள் ஒன்றுகூட இல்லையானால், நிகழ்வது என்ன? குழந்தை வாய் மூடிவிடும். வாய் மூடிய குழந்தையை 'மந்தம்' என்பார்கள். முதல் வகுப்பிலே பின்தங்குவான். ஐந்தாம் வகுப்பிலே நின்றுவிடுவான். பிறகு ஆய்வுக்குழு அமைத்து, இடைநிற்றலுக்குக் காரணம் தேடுவார்கள்! காரணம் மூன்று வயதிலே, அந்த வாசற்படியிலே கிடக்கிறது.

இதற்குச் சான்று வேண்டுமாயின் நியூசிலாந்து நாட்டைப் பாருங்கள். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று 1867இல் சட்டம் வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தைகள் அடி வாங்கினார்கள். 1913இல் மாவோரிப் பள்ளிக் குழந்தைகளுள் பத்துக்கு ஒன்பது பேர் தம் மொழியைப் பேசினர் என்பது கணக்கு. 1975இல் அந்தத் தொகை நூற்றுக்கு ஐவருக்கும் கீழே போய்விட்டது. அறுபது ஆண்டுகளில் ஒரு மொழி, பாட்டிமாரின் மொழியாகச் சுருங்கிற்று.

அந்த மக்கள் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை நாடாளுமன்றத்தில் அளித்தார்கள். பிறகு, அரசு தரும் வரையில் காத்திராமல், 1982இல் வெலிங்டன் நகரையடுத்த வைனுயோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரியோ'வைத் திறந்தார்கள். அதன் பொருள் 'மொழிக்கூடு' என்பதாகும். மொழியறிந்த பாட்டியும் தாத்தாவும் அங்கே ஆசிரியர்கள். பச்சிளங் குழந்தைகள் மாணவர்கள். பாட்டும் கதையும் உணவும் உறவும் எல்லாம் மாவோரி மொழியில். மூன்றே ஆண்டுகளில் நானூறுக்கும் மேற்பட்ட கூடுகள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்! 1987இல் மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1996இல் அந்நாடு முழுமைக்கும் ஒரு பாலர் பாடத்திட்டம் வந்தபோது, அதற்குத் 'தே ஃபாரிக்கி' என்று மாவோரிப் பெயரே சூட்டினார்கள். 'நெய்த பாய்' என்பது பொருள். பல நிற இழைகள் ஊடும் பாவுமாய்ச் சேர்ந்த பாயில் எல்லாக் குழந்தைகளும் அமரலாம் என்பது கருத்து.

இந்தக் கதையிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1990இல் மொழிக்கூடுகளைக் கல்வித் துறை தன் கீழ் எடுத்துக்கொண்டது. மற்றக் குழந்தைக் காப்பகங்களை அளக்கும் அதே கோலால் இவற்றையும் அளந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு கூடுகளின் எண்ணிக்கை சரிந்தது. அரசு தன் கடமையில் தவறியது என்று அந்நாட்டு வைதாங்கித் தீர்ப்பாயம் 2012இல் அறிவித்தது. மக்கள் எழுப்பியதை ஒரே அச்சில் வார்க்கும் அலுவலக முறை நலியச் செய்யும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மாறுவேடம் போதுமா?

"நாங்களும் பன்மையைப் போற்றுகிறோமே! ஆண்டு விழாவில் ஒரு குழந்தைக்குப் பஞ்சாபித் தலைப்பாகை, ஒரு குழந்தைக்குக் காசுமீரத்து உடை, ஒரு குழந்தைக்கு இலை தழை கட்டிப் பழங்குடி வேடம், மேடையிலே நிறுத்திப் படம் பிடிக்கிறோம்" என்பார்கள். அந்த மாறுவேடப் போட்டியைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த இலை தழை வேடத்துக்கு உரியவனாகக் கருதப்படும் குழந்தை அந்தப் பள்ளியில் இடம் பெற்றிருக்கிறானா? இடம் பெற்றிருந்தால், அந்த மேடையைப் பார்த்து அவன் பெருமை கொள்வானா, நாணித் தலை குனிவானா?

மக்களை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் உடையை மட்டும் உள்ளே அழைப்பது பன்மையாகாது. பக்கத்தில் உட்கார வைப்பதும், ஒரே பந்தியில் உண்ண வைப்பதும், அவன் பாட்டை எல்லாரும் பாடுவதுமே பன்மை. சாதிக்கொரு தெரு வகுத்து வாழும் நம் நாட்டிலே, நான்கு வயதில் ஒரே பாயில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ட பழக்கம் ஒரு பெரும் புரட்சியின் வித்து. பெரியவர்களுக்கு மேடை போட்டுச் சொல்லிப் புரியாத சமத்துவம், அந்தப் பாயிலே சொல்லாமலே விளங்கும். ஆகையால் பன்மையும் சமத்துவமும் இணைந்தே நிற்க வேண்டும். சமத்துவமற்ற பன்மை வருணாசிரமத்துக்குப் புதுச் சட்டை தைப்பதாக முடியும். பன்மையற்ற சமத்துவமோ வலியவனின் வழக்கத்தையே பொது வழக்கம் என்று எளியவன்மீது சுமத்துவதாக முடியும்.

உணவையே எடுத்துக்கொள்வோம். 2015இல் மத்தியப் பிரதேசத்தில், பழங்குடி மக்கள் வாழும் சில மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. அம்மாநில முதலமைச்சர் அதை மறுத்தார். அந்தக் குழந்தைகளின் வீட்டிலே முட்டை விலக்கப்பட்ட பொருளா? இல்லை. யாரோ சிலரின் உணவொழுக்கம், வேறு யாரோ பலரின் குழந்தைக்கு விதியாயிற்று. தமிழ்நாட்டில் முட்டை வழங்குகிறோம், வேண்டாதார்க்குக் கட்டாயமில்லை. ஒருவர் விரும்பாததை அவர்க்கு ஊட்டாமலும், அவர் விரும்பாமையால் பிறர்க்கு மறுக்காமலும் இருப்பதே பன்மையின் நெறி. இந்நெறியை ஒரு முட்டையிலேகூடக் கற்பிக்கலாம்.

எதிர்ப்போர் கூற்று

"இவ்வாறு வீட்டுக்கு வீடு மொழியும் வழக்கமும் பார்த்தால் நாடு ஒன்றுபடுவது எப்படி?" என்று கேட்போர் உளர். அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: தன் தாயின் பேச்சு இழிந்தது என்று நான்கு வயதில் கற்றுக்கொண்டவன், எந்த நாட்டை எந்த உள்ளத்தோடு நேசிப்பான்? அரசியலமைப்பை வகுத்தோரும் திருத்தியோரும் இதை உணர்ந்தவர்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் 350-அ என்னும் உறுப்பைச் சேர்த்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவர்க்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் திருத்தம் 45ஆம் உறுப்பை மாற்றியமைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கடமை தெளிவாகிறது.

"பெற்றோரே ஆங்கிலத்தைத்தானே கேட்கிறார்கள்?" என்பது இன்னொரு கேள்வி. கேட்கிறார்கள், உண்மை. அதற்காக அவர்களைப் பழிக்க மாட்டோம். கூலிக்குச் செல்லும் தாய், தன் மகள் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று விழைவது குற்றமாகுமா? ஆனால் ஆங்கிலத்தைக் கற்பதற்கும் வழி தாய்மொழிதான் என்பதை அவருக்கு விளக்கும் பொறுப்பு நம்முடையது. அடிப்படை உறுதியான பின்பு எழுப்பும் மாடி நிற்கும். அடிப்படையைத் தோண்டி எடுத்து அந்தக் கல்லாலேயே மாடி கட்ட முயன்றால் இரண்டும் போகும்.

"இத்தனை மொழிக்கும் ஆசிரியர்களுக்கு எங்கே போவது?" என்பார் மூன்றாமவர். ஒடிசா மாநிலம் 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கப் பள்ளிக் கல்வியைத் தொடங்கிற்று. அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தையும் பழங்குடி மொழிகளில் கொண்டுவந்தது. குறைகள் இருக்கலாம், வழி இல்லை என்று சொல்ல இனி இயலாது. மாவோரிப் பாட்டிமார் எந்தப் பட்டம் பெற்று வந்தார்கள்? ஊரிலே மொழி இருந்தால் ஆசிரியர் இருக்கிறார். அவரைத் தேடிப் பயிற்சி கொடுப்பதே வேலை.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் குறையைப் பேசுவது எளிது. நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். மொழியுரிமை என்றால் என்னவென்று இந்தியாவுக்கு எடுத்துரைத்த மாநிலம் தமிழ்நாடு. பெரிய மொழி ஒன்று நம்மீது சுமத்தப்பட்டபோது எழுப்பிய குரலில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் நம் எல்லைக்குள் வாழும் சிறிய மொழிக்காரர்க்கும் உரியதன்றோ? அவர்களுடைய கண்ணுக்கு நாமே பெரிய மொழிக்காரர்!

தமிழ்நாட்டில் 37 பழங்குடிப் பிரிவினர் அட்டவணையில் உள்ளனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அறுவகையினரை மிகவும் நலிவுற்றோர் என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. தோடர் மொழியைப் பயில 1930களில் கடல் கடந்து வந்த எமனோ என்னும் அறிஞர், அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து 1971இல் பெருநூலாக வெளியிட்டார். வெளிநாட்டு நூலகங்களில் அந்தப் பாடல்கள் பத்திரமாக இருக்கின்றன. தோடர் குழந்தை அமரும் நீலகிரி மையத்திலே அவை ஒலிக்க வேண்டாமா?

இருளரைப் பாருங்கள். செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நஞ்சு முறிக்கும் மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறார்கள். மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் வரையில் அழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்கா அழைத்துப் பயன்கொண்ட அந்த அறிவு, இருளர் குழந்தையின் பள்ளிச் சுவரிலே ஒரு படமாகவாவது இடம் பெற வேண்டாமா? தாத்தாவின் அறிவு பள்ளியில் மதிக்கப்படுவதைக் காணும் குழந்தை தானும் அறிவுடையவன் என்று நம்பும். பக்கத்தில் அமர்ந்த மற்றக் குழந்தையும், தான் அறியாத ஒன்றை இருளர் மகன் அறிவான் என்று கற்றுக்கொள்ளும். இந்த இரண்டாவது பாடம் முதலாவதைவிடச் சிறியதன்று.

இனி, பிழைப்புத் தேடி வந்தவர் குழந்தைகள். ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிச் செங்கல் சூளைகளில் உழைக்கிறார்கள். ஆண்டில் ஏறத்தாழ அரையாண்டு இங்கே. எஞ்சிய காலம் அங்கே. பச்சைக் கல் அறுக்கும் தாயின் அருகே மண்ணிலே கிடக்கும் மூன்று வயதுக் குழந்தை யாருடைய குழந்தை? மும்பைத் தாராவியிலே நம் தமிழ்த் தொழிலாளர் குடியேறினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்நகர மாநகராட்சி தமிழ்ப் பள்ளி நடத்துகிறது. அதை நாம் உரிமை என்று வரவேற்கிறோம். அங்கே தமிழ்க் குழந்தைக்குக் கேட்பதை, இங்கே ஒடியக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதி என்றால் அதற்குப் பெயர் கொள்கையன்று.

செய்ய வேண்டுவன

மலைச் சிற்றூர் மையங்களில் அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே பணியில் அமர்த்த வேண்டும். வயதில் மூத்தோரை வாரந்தோறும் அழைத்துக் கதை சொல்லவும் பாடவும் செய்து, அதற்கு மதிப்பூதியம் தர வேண்டும். பழங்குடி மொழிகளின் பாட்டும் கதையும் விளையாட்டும் அடங்கிய கையேடு, அம்மக்களின் துணையோடு உருவாக வேண்டும். சூளைப் பருவம் தொடங்கும்போதே சூளையருகே மையம் திறந்து, ஒடிய மொழி அறிந்த ஒருத்தியைத் துணைப் பணியாளராக அமர்த்த வேண்டும். அக்குழந்தைகள் தமிழையும் அங்கேயே விளையாட்டாய்க் கற்கட்டும். எல்லா மையங்களிலும், எல்லாக் குழந்தைகளுக்கும், தம் மாவட்டத்தில் வாழும் பிற மக்களின் ஒரு பாட்டாவது தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவையும் யார் செய்வது? முதற்கண் அங்கன்வாடிப் பணியாளர். 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் மையங்களாய்ப் பெருகியிருக்கிறது. தமிழ்நாட்டிலே மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். அந்த மையங்களைத் தாங்கும் பெண்களுக்கு நடுவணரசு 2018இல் உயர்த்தி அளித்த மதிப்பூதியம் திங்களுக்கு 4,500 ரூபாய்! மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்க்கின்றன என்றாலும், ஊழியர் என்ற தகுதியை மறுத்துத் தொண்டர் என்றே அழைக்கும் ஏற்பாடு தொடர்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்டவே 2022இல் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு தேவைப்பட்டது. சமைப்பதும் எடை பார்ப்பதும் பதிவேடு எழுதுவதும் அவர்தான். இனிப் பல மொழியில் பாட வேண்டியவரும் அவர்தான். வயிறு நிறையாத வாயிலிருந்து பாட்டு வருமா? பணியாளரின் கூலியை உயர்த்தாமல் பண்பாட்டுப் பன்மை பேசுவது வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

தாராபாயும் அனுதாயும் அன்று போர்டியிலே செய்தது பெரும் பொருட்செலவால் ஆன செயலன்று. வராத குழந்தையைக் குற்றம் சொல்லாமல், வரவைக்க இயலாத பள்ளியைத் திருத்தினார்கள், அவ்வளவே. அந்தத் துணிவு ஓர் அரசுக்கும் வர வேண்டும். முற்றத்திலே பிறந்த பள்ளி மீண்டும் முற்றத்துக்குச் செல்லட்டும். நீலகிரியின் மந்தில், செங்கற்பட்டின் இருளர் குடியிருப்பில், சூளையின் ஓலைக் கொட்டகையில் அதன் பாய் விரியட்டும். அந்தப் பாயிலே எத்தனை நிற இழை சேருகிறதோ, அத்தனைக்கும் அது உறுதியாயிருக்கும்.